லைன் போட்டாச்சு, சார்

செங்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நான், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியதும் வழக்கம்போல் சுவர்களைப் படிக்கத் தொடங்கினேன். முதியவர்களுக்கான மாலை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டதிலிருந்து எனக்கு இது ஒரு வியாதி. டீக்கடைப் பலகை, லாட்ஜ் பெயர், பஸ்ஸின் நெற்றி, எதையும் விடுவதில்லை. இத்தனை வருஷமாக என்னோடு பேசாமல் இருந்த ஊர் திடீரென்று வாய் திறந்தது போல் இருக்கிறது.

அன்று பசை ஈரம் காயாத ஒரு சுவரொட்டி கண்ணில் பட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்பதைச் சட்டென்று படித்துவிட்டேன். ஊரில் அது நிறைய இருப்பதால் பழகிவிட்டது. அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு பெயர். த, ணி, கா. நான் சந்தோஷமாகத்தான் கூட்டினேன். நமக்குத் தெரிந்த பெயர் மாதிரி வருகிறதே என்று ஒரு குஷி. ச, ல, ம். முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். எழுத்துத் தெரியாத காலமாக இருந்திருந்தால் படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

தணிகாசலம் சார் எங்கள் மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரர். நான் அந்தக் குழுவின் ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றி இறக்கி, மேடையில் ஒயர் இழுத்த முனுசாமி. படத்திறப்புக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கை நிறுத்தி வைக்கத்தான் எனக்குத் தெரியும், அதில் பேசத் தெரியாது. எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு வரி எழுதினால் ஒரு டீ குடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் சாரைப் பற்றி என் கையாலேயே எழுதுகிறேன் என்பதில், சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், எனக்குப் பெரிய சந்தோஷம்.

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன வருஷம், வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் சார். கலெக்டர் ஆபீஸில் வேலை, வேங்கிக்காலில் வீடு. வந்த சில மாதத்தில் ஒரு சாயங்காலம் அலமேலு அம்மாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் ஒத்திகை அறைக்கு மாடியேறி வந்தார். கையில் கிட்டார்ப் பெட்டி. ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது அது. "இவர் வாசிப்பார், நான் பாடுவேன். ரெண்டு பேரையும் சேத்துத்தான் எடுக்கணும். தனித்தனியா கிடையாது" என்றார் அம்மா. அறையில் எல்லோரும் சிரித்தோம். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

கிட்டார் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. கிட்டாருக்கு அதுதான் காது. சாரின் கிட்டாரில் அப்படி இரண்டு காது. ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று வாசிக்கிற கையின் பக்கம். ஒரு சுவிட்சை மேலே தள்ளினால் ஒரு காது, கீழே தள்ளினால் இன்னொரு காது, நடுவில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து கேட்கும். அம்மா பாடுகிற பாட்டுக்கு மட்டும் சார் நடுவில்தான் நிறுத்துவார். அப்போது கிட்டார் நிறைய எண்ணெய் விட்ட விளக்கு மாதிரி நின்று எரியும்.

மேடையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒயர் எல்லாம் இழுத்து முடித்ததும் நான் "லைன் போட்டாச்சு, சார்" என்று குரல் கொடுப்பேன். சார் சுவிட்சை நடுவில் வைத்து, பிக்கப்பின் மேல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கும். உடனே அம்மா மைக்கின் பக்கம் குனிந்து "ம்ம்" என்பார். வீட்டில் கணவர் கூப்பிட்டால் சமையலறையிலிருந்து சொல்கிற அதே "ம்ம்". அதற்கு மேல் அவர்கள் மேடையில் பேசிக்கொண்டதே இல்லை. அந்த "ம்ம்" கேட்ட பிறகுதான் நான் போய் உட்காருவேன்.

ஒரு ஆயுத பூஜைக்கு அம்மாவே எல்லா வாத்தியங்களுக்கும் பொட்டு வைத்தார். கீபோர்டுக்கு, டிரம்முக்கு, என் ஸ்பீக்கர் பெட்டிக்கு, எனக்கும்கூட. கிட்டாருக்கு வரும்போது கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் மேல் ஜாஸ்தியாகவே சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். "அது காதுடி, கன்னம் இல்ல" என்றார் சார். "காதுலயும் கொஞ்சம் மணக்கட்டும்" என்றார் அம்மா.

தை பிறக்கும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். சாரைவிட்டு அவர் தனியாகப் போனது அந்த ஒரு இடத்துக்குத்தான்.

அதன் பிறகு அந்தச் சந்தனத்தைத் துடைக்க சார் யாரையும் விடவில்லை. காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஈரம் இறங்கி, அடியில் இருந்த செப்புக் கம்பி பச்சை பூத்து அறுந்தது. ஒரு காது செத்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் பிக்கப் கட்ட யார் இருக்கிறார்கள்? கீழ்பென்னாத்தூரில் கிணற்று மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பச்சையப்பனிடம்தான் கொண்டுபோனோம். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாது சார், எலிக்குட்டி மோட்டாரா?" என்றார். ஆனால் செய்துவிட்டார். மெட்ராஸிலிருந்து மெல்லிய கம்பி வரவழைத்து, அவர் வீட்டுத் தையல் மெஷினில் பாபின் சுற்றுகிற சக்கரத்தில் மாட்டிச் சுற்றினார்.

கொண்டுவந்து மாட்டினோம். மேலே தள்ளினால் நன்றாக இருந்தது. கீழே தள்ளினாலும் நன்றாக இருந்தது. நடுவில் நிறுத்தினதும்தான் வித்தியாசம் தெரிந்தது. அடிச் சத்தம் எல்லாம் காணாமல் போய், வெறும் கூடாக, ஆள் குடியில்லாத வீட்டுக்குள் யாரோ கிட்டார் வாசிக்கிற மாதிரி தூரத்தில் கேட்டது. இரண்டு காதும் திறந்திருக்க, சத்தம் மட்டும் கம்மி.

சார் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி ஒரு தடவை வாசித்தார்.

மறுநாள் இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூர் போனோம். பச்சையப்பன் முள் வைத்த மீட்டரை எடுத்து, பிக்கப்பின் இரண்டு ஒயரிலும் மாட்டி, ஸ்குரூ டிரைவரை அதன் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தார். முள் வலது பக்கம் துள்ளியது. இன்னொரு பிக்கப்பில் அதையே செய்தார். முள் இடது பக்கம் விழுந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணு வான்னுது, ஒண்ணு போன்னுது. முனுசாமிண்ணா, உன் வேன் நின்னுட்டா ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே தள்ளுவீங்க? இங்க ஒருத்தன் தள்றான், ஒருத்தன் இழுக்கறான். சத்தம் எப்படி நகரும்?"

"எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"நான் வலமா சுத்தினேன். வெள்ளைக்காரன் இடமா சுத்தி வெச்சிருக்கான். எனக்கு இன்னா தெரியும்? மலையை வலமா சுத்தற ஊர்ல எவனாவது இடமா சுத்துவானா? என் கடையில எந்தக் காயிலும் வலம்தான்." உடனே சமாதானமாக, "ஒண்ணும் பயப்படாதீங்க. பிரிச்சுச் சுத்த வேணாம். இந்த ரெண்டு ஒயரையும் மாத்தி ஈயம் வெச்சுப் பத்தவெச்சா போதும். மோட்டார் திரும்பிச் சுத்தினா அதானே செய்யறோம். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார்.

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார் சார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "ரெண்டுத்துக்கும் பொதுவா இருக்கற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கினு போயிடுதுண்ணா. மிச்சம் இருக்கறது மட்டும்தான் நிக்குது. அந்த மிச்சத்துல அலமேலு இருக்கா. தட்டினேன். ம்ம்னா."

வேர்க்கடலைக் காடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அந்த வருஷம் குழுவில் கலா புதிதாகச் சேர்ந்தது. விவசாயக் குடும்பத்துப் பெண். பி.ஏ. முடித்துவிட்டு, பாட்டுத்தான் வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தது. ஒரு வருஷம் பார், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அப்பா கெடு வைத்திருந்தார். அலமேலு அம்மா வழக்கமாகப் பாடுகிற ஒரு பாட்டைக் கலாவுக்குக் கொடுத்தார்கள். சார் நடு சுவிட்சில்தான் அதற்கு வாசித்தார். ஒரு கோயில் திருவிழா மேடையில், வெளிச்சம் இன்னும் இருக்கும் நேரம், அந்தப் பாட்டு ஆரம்பித்தது. கிட்டார்தான் அதற்கு முன்னால் வந்து சுருதி காட்ட வேண்டும். வந்தது, ஆனால் கலாவின் காதுக்குப் போகவில்லை. பெண் வேறு ஏதோ சுருதியில் எடுத்துவிட்டது.

"பாப்பா, சுருதியை பஸ்ஸுலயே விட்டுட்டு எறங்கிட்டியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதன் அப்பா எழுந்து நடந்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் என் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து கலா அழுதது. சார் அருகில் போய் நின்றார்.

"என் மேல தப்பு இல்ல சார். உங்க கிட்டார் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. அந்தப் பாட்டுல மட்டும். அதுல..." என்று நிறுத்திவிட்டு, "சொன்னா திட்டுவீங்க" என்றது.

"சொல்லும்மா."

"அதுல வேற யாரோ எனக்கு முன்னாடியே பாட வந்து நிக்கிறாங்க சார். நான் எங்க நிக்கிறது?"

சார் திட்டவில்லை. வேனில் ஊர் வரும்வரை பெட்டியைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்தபடி வந்தார். இறங்கும்போது, "நாளைக்கு கீழ்பென்னாத்தூர் போகணும்ணா" என்றார்.

பச்சையப்பன் கடையில் சார் இரண்டு வேலை சொன்னார். ஒன்று, ஒயரை மாற்றிச் சரி செய்வது. இரண்டு, வேண்டும்போது அதைப் பழையபடி தப்பாக்க ஒரு குட்டி சுவிட்ச் வைப்பது. இரண்டு ஒயரையும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டால் அது நடக்கும் என்று காகிதத்தில் பெருக்கல் குறி மாதிரி வரைந்தும் காட்டினார்.

பச்சையப்பன் பத்தவைக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டார். "சரியானதை மறுபடி தப்பாக்க ஒரு சுவிட்சா?"

"ஆமாங்க."

"மேடைக்கா?"

"இல்லீங்க. வீட்டுக்கு. மேடையில இனிமே அதைத் தொட மாட்டேன். அங்க கலா நிக்கட்டும்."

"சார், நான் சொல்றனேனு கோச்சுக்காதீங்க. இடமா சுத்தறது எதுக்குனு உங்களுக்குத் தெரியாதா? கொள்ளிக்குடம் தூக்கிக்கினு சுத்தறதுதான் இடம். அதை வீட்டுல வெச்சுக்கினு தெனம் தட்டிக்கினு இருக்கப் போறீங்களா?"

"தெனம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை."

பச்சையப்பன் கீழே வைத்த கம்பியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போய் டீ சொல்லிட்டு வா" என்றார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது. கிட்டாரின் உடம்பில் பல்லி மூக்கு அளவுக்கு ஒரு சுவிட்சின் முனை முளைத்திருந்தது.

அடுத்த மேடையில் நான் "லைன் போட்டாச்சு, சார்" என்றேன். சார் தட்டினார். நடு சுவிட்சில் கிட்டார் பழைய நிறைவோடு எழுந்தது. கலா திரும்பிப் பார்த்து, "இப்பதான் சார் நீங்க வந்திருக்கீங்க!" என்று சிரித்தது. அன்று பாடியதை அதன் அப்பா ஓரமாக நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கல்யாணப் பேச்சை எடுக்க நாளாயிற்று. கலா பாடிப் பெயர் வாங்கியது இந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் வேங்கிக்கால் போவேன். சார் கூடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரை மாட்டி உட்கார்ந்து, குட்டி சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருப்பார். பிறகு அந்தப் பாட்டின் ஆரம்பத்தை மட்டும் வாசிப்பார்; அந்தச் சின்னப் பெட்டியில் எந்தச் சத்தமும் எனக்குக் கூடாகத்தான் கேட்கும். பாட்டு வரவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார். சமையலறைக் கதவு திறந்தே இருக்கும். பல நாள் நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள், வெளியே பால்காரர் மணி அடித்து ஓய்ந்த நேரம், சார் தட்டினார். சமையலறைப் பக்கமிருந்து, கையில் வேலையாக இருக்கிறவர்கள் சொல்வது போல, "ம்ம்".

திரும்பிப் பார்த்தேன், சமையலறையில் யாரும் இல்லை. "சார், கேட்டுச்சு சார்" என்றேன்.

சார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது ஆச்சரியம். பயம் என்றும் சொல்லலாம். "உங்களுக்கும் கேட்டுச்சாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். "கேட்டுச்சு சார்." அவர் குட்டி சுவிட்சைத் தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். மூன்று டம்ளர் கொண்டுவந்தார். மூன்றாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படி வருஷங்கள் போயின. குழு கலைந்தது. சிடியும் டிவி சேனல்களும் வந்து மேடைகளைத் தின்றுவிட்டன. சாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். உடம்பு தளர்ந்து படுத்திருந்தபோது என்னை அழைத்தார். நான் எழுத்துப் படிக்கிறேன் என்று சொன்னதும் அவ்வளவு சிரித்தார். "எழுதிக் காட்டுங்க" என்றார். அவர் பெயரை எழுதிக் காட்டினேன். ஒரு புள்ளியை விட்டிருந்தேன். அவரே வைத்தார்.

பிறகு சொன்னார்: "எனக்கப்புறம் கிட்டார் கலாவுக்கு. அந்தக் குட்டி சுவிட்ச் மட்டும் வேணாம். என் பாரத்தை அந்தப் பொண்ணு ஏன் தூக்கணும்? கழட்டிட்டுக் குடுத்துடுங்க."

"பச்சையப்பன்கிட்ட குடுத்துக் கழட்டிடறேன் சார்."

"அவர்கிட்ட வேணாம்ணா. அவர் சங்கடப்படுவார். உங்களுக்குத்தான் ஒயர் பத்தவைக்கத் தெரியுமே. நீங்களே கழட்டுங்க."

பச்சையப்பன் எதற்குச் சங்கடப்பட வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

நான்தான் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சுவரில் படித்து ஓடினேனே, அன்று சாருக்குச் செய்ய வேண்டியது எல்லாம் முடிந்தது. சாரின் தம்பி மகன் கொள்ளிக்குடம் தூக்கி இடமாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்திலிருந்து தண்ணீர் சிந்தியது. நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து கிட்டாரைத் திறந்தேன். குட்டி சுவிட்சின் முதுகைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். குறுக்கே போகவேண்டிய இரண்டு ஒயரும் குறுக்கே போகவில்லை. தண்டவாளம் மாதிரி நேராகப் போயிருந்தன. மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் அந்த சுவிட்சால் எதுவும் மாறாது. வைத்த நாளிலிருந்தே அது வெறும் சுவிட்ச்.

பச்சையப்பன் காரியத்துக்கு வந்தவர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சார் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் திறந்த கிட்டாரை அவரே பார்த்துவிட்டார். வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"நான் குறுக்கப் போடலண்ணா. மனசு வரல. உசுரோட இருக்கற மனுசன் வீட்டுல இடமா சுத்தற சாமான் எதுக்குனு நேராப் போட்டு மூடிட்டேன். மறுநாளே சண்டைக்கு வருவாருனு பாத்தேன். காது அப்படிப்பட்ட காதாச்சே. வரவேயில்ல. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நானே கேட்டேன், சுவிட்ச் எப்படி கீது சார்னு. 'நல்லா வேலை செய்யுதுங்க'ன்னாரு. சிரிச்சிக்கினே போயிட்டாரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதையும் எழுது. நான் செத்தப்புறம் எவனாவது கண்டுபுடிச்சு சொல்றதுக்கு முன்னாடி நீயே எழுதிடு."

எழுதிவிட்டேன்.

சாருக்கு முதல் ஞாயிறே தெரிந்திருக்கும். தட்டியதும் தெரிந்திருக்கும், இது கூடான சத்தம் இல்லை, சரியான சத்தம் என்று. ஒரு நல்ல மனிதர் தன் மேல் உள்ள அக்கறையால் செய்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. சுவிட்சைத் தள்ளினார், தட்டினார், காத்திருந்தார். ஒயரில் இல்லாத ஒன்று வந்து பதில் சொன்னது. அது தன் மனசுக்குள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார். நான் ஒருவன் போய், எனக்கும் கேட்டது என்றேன். அந்த ஆச்சரியம் அதற்குத்தான்.

சுவிட்சைக் கழற்றி, ஒயர்களைச் சேர்த்துப் பத்தவைத்து, கிட்டாரைக் கலாவிடம் கொடுத்துவிட்டேன். கலா வாங்கிக்கொண்டு, "இதுல இப்ப யாரும் இல்லியே, முனுசாமிண்ணா?" என்று கேட்டது. "நீதான் இருக்கே" என்றேன்.

குட்டி சுவிட்ச் என்னிடம் இருக்கிறது. இதை எழுதுகிற பலகையின் மேல், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். ஒரு ஒயரும் அதில் கிடையாது. கடைசி வரிக்கு வந்துவிட்டேன் சார், கை வலிக்கிறது, எல்லாப் புள்ளியும் வைத்திருக்கிறேன். அம்மாவும் நீங்களும் சேர்ந்துதான் வருவோம் என்றீர்கள். சேர்ந்தே இருங்கள், போய் வாருங்கள்.

லைன் போட்டாச்சு, சார்.

குட்டி சுவிட்சை விரலால் ஒரு தடவை தள்ளினேன். 'டிக்' என்றது.

"ம்ம்."